பொட்டு வைத்து அணைத்த சர்வர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் தவறுகளில் ஒன்றைச் சொல்கிறேன். இதைச் செய்தபோது எனக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. பட்டியல் போட்டு, ஒவ்வொரு வரியாக டிக் அடித்து, நிதானமாகச் செய்தேன். அன்றைய டைரியில், 'பகல் 12.40. சர்வர்கள் இரண்டும் முறைப்படி அணைக்கப்பட்டன' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. 'முறைப்படி' என்பதன் கீழே ஒரு கோடு வேறு.

அப்போது எங்கள் அலுவலகம் எங்கள் ஊர் ஓரத்திலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது. கீழே பாட்டில் மூடி செய்யும் யூனிட். மேலே நாங்கள் ஏழு பேர். வீட்டில் இருக்கும் சாதனங்களை ஒன்றோடொன்று பேசவைப்பது எங்கள் வேலை. எல்லாம் ஒரே கம்பெனிப் பொருளாக இருந்தால் எங்களுக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் யார் வீட்டில் அப்படி இருக்கிறது? ஏசி தள்ளுபடியில் வந்திருக்கும். ஃபேன் மாமனார் வாங்கிக் கொடுத்திருப்பார். கேட் மோட்டாரை வெல்டிங் பட்டறைக்காரர் தனக்குப் பழக்கமான கடையிலிருந்து எடுத்துவந்து மாட்டியிருப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. ஒரு கம்பெனி ஃபேனிடம் 'மூன்று' என்றால் வேகம் மூன்று. இன்னொன்றிடம் 'மூன்று' என்றால் நூற்றில் மூன்று. ஒரு வீட்டில், ஃபேன் ஓடுகிறதா நிற்கிறதா என்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறேன்.

இந்த மொழிபெயர்ப்பை எங்கே வைப்பது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் கேள்வி. நான் அலுவலகத்தில் வைத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்கு யோசிக்கத் தெரியாது. யாராவது பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தியை மேட்டுப்பாளையத்தில் இருக்கும் எங்கள் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை உரிய பாஷைக்கு மாற்றித் திருப்பி அனுப்பும். பெட்டி அதை ஃபேனிடமோ கேட்டிடமோ சேர்க்கும். இதற்கு என்னிடம் நல்ல காரணம் இருந்தது. ஒரு பிழை என்றால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். நாற்பத்தொரு வீட்டுக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அதுவரை வாடகைக்கு வெளியூரில் இருந்த சர்வரை, இது நடப்பதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால், அலுவலகத்துக்கே கொண்டுவந்ததும் நான்தான். பதில் வரும் வேகம் கூடியது. எல்லோரும் பாராட்டினார்கள்.

எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. இன்டர்நெட் போனால் பெட்டி சும்மா இருக்காது. அழுத்தியதையெல்லாம் வரிசையாகச் சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் ஒன்று விடாமல் அனுப்பும். "எந்தக் கட்டளையும் தொலையாது" என்று வாடிக்கையாளர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

எங்கள் முதலாளி லேத் பட்டறையில் தொடங்கியவர். ஆயுத பூஜையை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார். அன்று கருவிகளைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்துவிட்டால், மறுநாள் காலைவரை அவற்றைத் தொடக்கூடாது. வருஷம் முழுக்க உழைத்தவை ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும். சோல்டரிங் துப்பாக்கி முதல் ஸ்க்ரூ டிரைவர் வரை எல்லாம் ஓய்வு. ஏற்பாட்டைக் கவனிக்கும் பொறுப்பு எப்போதும் என்னுடையது.

அந்த ஆண்டும் ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு பட்டியல் எழுதினேன். அதில் பதினான்காவதும் பதினைந்தாவதும் சர்வர்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று பார்த்துக்கொள்ளும் என்று இரண்டாக வைத்திருந்தேன். இரண்டையும் அணைத்தேன். டிக், டிக். பிறகு ஈரத்துணியால் துடைத்து, சாமந்திச் சரம் சுற்றி, பொட்டு வைத்தேன். பார்க்க லட்சணமாகவே இருந்தன.

ஒரு கணமும் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை வைத்து என் பட்டியல் எழுதப்பட்டிருந்தது. அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் பத்தி அதில் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் போட்ட பட்டியல்கள் எதிலுமே இல்லை.

ஒரு மணிக்குப் பூஜை. பிறகு சாப்பாடு. கீழ் யூனிட்காரர்களுக்குப் பொரியும் சுண்டலும் கொடுத்தனுப்பிவிட்டு, மிச்சமிருந்த சுண்டலோடு உட்கார்ந்திருந்தோம். மணி மூன்று ஐந்து. எங்கள் மென்பொருள் பொறியாளர் ரேவதி சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், பூ ஆடுது."

"ஃபேன் காத்துல ஆடும்."

"ஃபேன் ஆஃப்ல இருக்கு சார். ஒரே ஒரு பூ மட்டும் ஆடுது."

படத்துக்கு முன்னால் கருவிகளோடு வாடிக்கையாளர் அழைப்புக்கான கைப்பேசியையும் வைத்திருந்தோம். அதுவும் கருவிதானே, என் பட்டியலில் இருபத்திரண்டு. மணியடித்தால் பூஜைக்கு இடைஞ்சல் என்று அதிர்வில் வைத்திருந்தேன். அதன்மேல் வைத்த பூ நடுங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால், தவறிய அழைப்புகள் இருபத்தேழு.

கையிலேயே மறுபடி அதிர்ந்தது. முத்தியால்பேட்டை வாடிக்கையாளர்.

"இன்னா சார், உங்க ஃபேன் நிக்கவே மாட்டேங்குது. பூஜை ரூம்ல பொரி மொத்தமும் பறக்குது. எங்க வீட்டம்மா மொறத்த போட்டு அமுக்கிப் புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கு. எவ்ளோ நேரம் ஒக்காரும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சர்வர் இல்லாமல் எந்த வீட்டுப் பொத்தானும் வேலை செய்யாது. முதலாளிக்குப் புரியவில்லை.

"ஒரு நாள்தானப்பா," என்றார், சுண்டலை மென்றுகொண்டே. "நாளைக்குக் காலைல தேங்கா ஒடச்சி ஆன் பண்ணிடலாம். மெயின ஆஃப் பண்ணா ஃபேன் நிக்கப் போவுது. சொல்லு அவருக்கு."

முத்தியால்பேட்டைக்கு அது சரிதான். அடுத்த அழைப்புக்குச் சரிப்படவில்லை.

"சார், செலின் பேசறேன், உப்பளம். எங்க கேட் செத்துப் போச்சா, இல்ல நீங்க செத்துப் போயிட்டீங்களா?"

செலின் மதாமைப் பற்றி (பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் 'மேடம்' என்பதை இப்படித்தான் சொல்வோம்) இரண்டு வரி சொல்ல வேண்டும். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர். ஊரின் மறுகோடியில் உப்பளத்தில் தனியாக வசிப்பவர். ஒரு விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. உதவிக்கு ஒரு பெண் பகலில் வந்துபோவாள். அன்று பூஜை என்று அவளுக்கு விடுமுறை. வீட்டின் இரும்பு கேட்டை நாற்காலியில் உட்கார்ந்தபடி தள்ள முடியாது. நாற்காலிக் கையில் நாங்கள் பொருத்திய பொத்தானை அழுத்தினால் கேட் திறக்கும், இன்னொரு முறை அழுத்தினால் மூடும். பொத்தான் ஒரு கம்பெனி, கேட் மோட்டார் வேறு கம்பெனி. நடுவில் நாங்கள்.

"மதாம், ஒரு சின்ன பிரச்சினை..."

"சின்னதா? வெளியில என் தம்பி அந்துவான் நிக்கறான், சென்னையிலேர்ந்து வந்து. என்னைப் பாக்கறதுக்கு வர்ல. நான் தனியா இருக்கற லட்சணத்தப் பாக்க வந்திருக்கான். எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னா வாயை மூடிக்கிறேன், இல்லன்னா மூட்டையக் கட்டு, என்கூட கெளம்புன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கான். முப்பது வருசமா இது என் வீடு சார். ஹார்ன் சத்தம் கேக்குதா?"

கேட்டது. நீளமாகவே கேட்டது.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாமி படத்தைப் பார்த்தார், சர்வரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "ஆன் பண்ணுய்யா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார்.

சரத்தை விலக்கிவிட்டு சர்வரின் பொத்தானில் விரலை வைத்தேன். இன்னொரு கையில் கைப்பேசி. மதாம் இன்னும் இணைப்பில் இருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். நானும் இதுவரைக்கும் ஒரு இருபது தடவ அழுத்தியிருப்பேன். அதெல்லாம் எங்க போயிருக்கும்?"

"பெட்டில பத்திரமா இருக்கும் மதாம். எந்தக் கட்டளையும் தொலையாது," என்றேன். வாய்ப் பழக்கம்.

"அப்ப நீங்க ஆன் பண்ணா அந்த இருபதும் வருமா?"

என் விரல் பொத்தானின்மேலேயே நின்றது.

"எக்ஸ்சேஞ்சுல கரண்ட் போயிட்டு வந்தா என்னா ஆவும் தெரியுமா? அதுவரைக்கும் காத்துக்கினு இருந்தவன் அத்தினி பேரும் ஒரே சமயத்துல ரிசீவர எடுப்பான். போர்டு அலறும். அதனால லைன நாங்க எடுத்த எடுப்புல தொறக்க மாட்டோம். நீங்க எப்பிடி?"

விரலை எடுத்துவிட்டேன்.

இதை நீங்கள் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். பெரிய இரும்பு கேட். அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார். நான் பொத்தானைத் தட்டுகிறேன். கேட் திறக்கிறது, பாதியில் மூடுகிறது, மறுபடி திறக்கிறது. இப்படி இருபது தடவை. அவர் விரல்கள் அந்தக் கம்பிகளுக்கு நடுவில். இது ஒரு வீடு. இன்னும் நாற்பது வீடுகளில் இரண்டரை மணி நேரமாக யார் யார் எதை எத்தனை முறை அழுத்தியிருக்கிறார்களோ! வேலை செய்யாத பொத்தானை மனிதர்கள் ஒரு தடவையோடு விடுவதில்லை. தண்ணீர் மோட்டார், கீசர், ஷட்டர் எல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. எதுவும் தொலையாமல்.

"சார், ஆன் பண்ணுங்க சார்," என்றாள் ரேவதி. "வாட்ஸ்அப்ல திட்டித் தீக்கறாங்க."

"திட்டட்டும். இப்ப எல்லாம் அசையாம கெடக்குது. யாருக்கும் அடிபடல. எழுப்பினாத்தான் அடிபடும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஏதாவது நின்றுபோனால் நம் கை தானாக அதை ஓடவைக்கப் போகும். சுற்றி நிற்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள். நின்றுகிடக்கும்போது என்ன ஆபத்து, எழும்போது என்ன ஆபத்து என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை எனக்குக் கொடுத்தவர் சக்கர நாற்காலியில் இருந்த என் வாடிக்கையாளர். நானாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

"மதாம், உண்மையச் சொல்லிடறேன். சரியா ஆன் பண்ண ஒரு மணி நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி பண்ணா கேட் ஆடும். தம்பியக் கேட்டத் தொடாம தள்ளி நிக்கச் சொல்லுங்க."

"ஒரு மணி நேரமா! அதுக்குள்ள அவன் என் பொட்டியவே கட்டிடுவான்." கொஞ்சம் யோசித்தார். "சரி. வாசப்பக்கம் நாற்காலிய உருட்டிக்கினு போயி அவன்கிட்ட பேச்சு கொடுக்கறேன். ஒங்க மானத்தையும் சேத்துக் காப்பாத்தறேன்."

கேட்டோடு வந்த ரிமோட் எங்கே என்று முதலாளிதான் கேட்டார். கேட் மோட்டார் கம்பெனி தன் பொருளோடு ஒரு ரிமோட்டும் ஒரு சாவியும் கொடுத்திருந்தது. சாவியைப் போட்டுத் திருகினால் மோட்டாரிலிருந்து கேட் விடுபட்டு, கையாலேயே தள்ளலாம். அவை எங்கே என்று எனக்குத் தெரியும். எங்கள் அலமாரியில் இருந்தன. வீட்டில் நாலைந்து ரிமோட் கிடந்தால் குழப்பம் என்று, எல்லா வீடுகளிலிருந்தும் சேகரித்து, உறையில் போட்டு, பெயர் எழுதி, அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். 'செ' வரிசையில் பதினைந்து நொடியில் எடுத்துவிட்டேன். என் ஒழுங்கைப் பற்றி அன்று எனக்குப் பெருமைப்படத் தோன்றவில்லை. எட்டு மாதமாக அவர் வீட்டுச் சாவி என் அலமாரியில் இருந்திருக்கிறது.

"குடு," என்றார் முதலாளி. "நீங்க ரெண்டு பேரும் இத விட்டு நவுரக் கூடாது. நான் போறேன்."

அவருடைய ஸ்கூட்டருக்கும் காலையில் பூஜை ஆகியிருந்தது. அதற்கும் மறுநாள் வரை ஓய்வு. சக்கரத்தடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு அது கிளம்பிய சத்தத்தை மாடியிலிருந்து கேட்டோம்.

நாங்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சர்வரிலிருந்து நெட்வொர்க் கம்பியை உருவினோம். பிறகு அதை ஆன் செய்தோம். யாரோடும் பேச முடியாத நிலையில் அது எழுந்தது. பத்து நொடிக்கு மேல் பழசான எந்தக் கட்டளையையும் நிறைவேற்றாதே என்று ரேவதி ஒரு விதி எழுதினாள். எழுதியதும் கம்பியைச் செருகக் கையை நீட்டினாள். நான் தடுத்தேன். செயல் விளக்கத்துக்கு வைத்திருந்த எங்கள் மாதிரிப் பலகையில் ஒரு பெட்டி, ஒரு விளக்கு, ஒரு ஃபேன் இருந்தன. அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டு இருபது தடவை அழுத்தினேன். அதை மட்டும் சர்வரோடு சேர்த்தேன். விளக்கு எரிந்து எரிந்து அணையாமல் அப்படியே இருந்தது. மறுபடி ஒரே ஒரு தடவை அழுத்தினேன். எரிந்தது. இதை மூன்று முறை செய்தோம். அதற்குப் பிறகுதான் கம்பி. டைரியில் மணி 4.20 என்று இருக்கிறது. முத்தியால்பேட்டை ஃபேன் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. முறத்தை எடுத்துவிட்டார்கள்.

உப்பளத்தில் நடந்ததை முதலாளி திரும்பி வந்து சொன்னார். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். வாழைக்கன்று கட்டிய லாரிகள் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றன. காலை ஊன்றி ஊன்றிப் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அங்கே கேட்டுக்கு உள்ளே அக்கா, வெளியே தம்பி, நடுவில் கம்பிகள். மதாம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாராம். நெற்றி நிறைய விபூதி குங்குமத்தோடு, மூச்சு வாங்க, கையில் ரிமோட்டோடு முதலாளி போய் இறங்கினார். அழுத்தினார். கேட் திறந்தது.

அந்துவான் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னாராம்: "உன் தானியங்கி கேட் இதுதானா? வந்து எறங்கிடுச்சு, ஸ்கூட்டர்ல!"

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே நான் உப்பளம் போனேன். அந்துவான் அங்கேயே தங்கியிருந்தார். வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் குறை சொல்லும் தொனி இருந்தாலும் ஆள் தப்பானவர் அல்ல என்பது பார்த்ததும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். எங்கள் பூஜையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பூஜை பண்ணதுல எனக்கு ஒன்னும் கோவம் இல்ல சார். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பட்டன் எங்க அக்கா கையில இருக்கு. கேட் இதோ, இருபதடி. நடுவுல மேட்டுப்பாளையம் எதுக்கு வருது?"

என்னிடம் நான்கு பதில்கள் இருந்தன. திருத்துவது எளிது, வேகம், பராமரிப்பு, இன்னும் ஒன்று. நான்கும் எனக்கு வசதியானவை. ஒன்றுகூட மதாமுக்கு வசதியானதாக இல்லை. அதனால், "தப்புதான் சார்," என்று மட்டும் சொன்னேன்.

"இவங்களுக்கு ஒன்னுன்னா நான் சென்னையிலேர்ந்து வந்து சேர எத்தன மணி நேரம் ஆவும்? தூக்கம் வர மாட்டேங்குது சார் எனக்கு. அக்கா, நீயே சொல்லு. நேத்து தீப்புடிச்சிருந்தா?"

மதாம் நாற்காலிக் கையிலிருந்த பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவன் கேக்கறது நியாயந்தான் சார்," என்றார் கடைசியில். "நேத்து நான் உள்ளதான் மாட்டிக்கினு இருந்தேன். பயம் இல்லன்னு சொன்னா பொய்." பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "டேய், நொவேலுக்கு வருவ இல்ல? அன்னிக்கு நீயே இந்த வீட்டுல எந்த ஒயர வேணா புடுங்கு. எத வேணா அணை. கேட் தொறக்கலன்னா நானே பொட்டியக் கட்டறேன், நீ கேக்க வேணாம். தொறந்துச்சுன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்டுடணும்."

நொவேல் என்றால் கிறிஸ்துமஸ். பத்துப் பதினோரு வாரம் இருந்தது. என்னால் முடியுமா என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. அக்காவும் தம்பியும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பத்து வாரத்தை முழுக்கச் சொன்னால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். நான் பழைய பட்டியலை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன். ஒரு பொத்தானை அழுத்தும் விரலிலிருந்து, அசைய வேண்டிய பொருள்வரை நடுவில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, 'இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்க வேண்டும். மதாமின் கேட்டுக்கு நடுவில் பதினொரு பொருள்கள் இருந்தன. முடிவில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. நாற்காலிப் பொத்தான் நேராக கேட் மோட்டாரோடு பேசும்படி, மோட்டாரிலேயே பொத்தானின் சமிக்ஞையை வாங்கும் ஒரு சின்ன ஏற்பியைப் பொருத்தினோம். கரண்ட் போனால் ஓட்ட ஒரு பேட்டரி. திறப்பதற்கு ஒரு பொத்தான், மூடுவதற்கு ஒரு பொத்தான். எத்தனை முறை அழுத்தினாலும் திறந்தது திறந்தே இருக்கும். விளக்கு, ஃபேன் மொழிபெயர்ப்பெல்லாம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே போயின. சர்வருக்குப் புதுப்பித்தல் அனுப்பும் வேலை மட்டும் மிஞ்சியது. பூஜைக்கு ஒரு வாரம் அணைத்துப் போட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ரிமோட் உறைகளை நானே நாற்பத்தொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் வீட்டில் ஏணியும் தேவைப்பட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை பதினோரு மணிக்கு உப்பளத்தில் சோதனை. ரேவதியும் வந்திருந்தாள். மதாம் வாசலில் நாற்காலியில், நல்ல புடவையில். அந்துவான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

முதலில் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கினார். மதாம் அழுத்தினார். கேட் திறந்தது, மூடியது.

எங்கள் பெட்டியைச் சுவரிலிருந்தே கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கேட் திறந்தது, மூடியது.

"மெயின் எங்க இருக்கு?" என்று கேட்டு உள்ளே போனார். வீடே அடங்கியது. ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. ரேவதி என் கையைக் கிள்ளினாள். மதாம் அழுத்தினார். முதல் இரண்டு தடவையைவிடக் கொஞ்சம் மெதுவாக, ஆனால் முழுசாக, கேட் திறந்தது.

அந்துவான் கேட்டருகே போய் மோட்டாரைக் குனிந்து பார்த்தார். மூடி போட்டுப் பூட்டிய பேட்டரியைத் தட்டிப் பார்த்தார். பிடுங்குவதற்கு வேறு எதுவும் அகப்படவில்லை. கேட்டைத் தாண்டி வெளியே போய் அந்தப் பக்கத்தையும் குனிந்து பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் மதாம் கேட்டை மூடிவிட்டார்.

"அக்கா! இன்னா இது?"

"விருந்தாளி பெல் அடிச்சிட்டு வரணும். அடி."

அவர் அழைப்பு மணியை அழுத்தினார். சத்தமே வரவில்லை. மறுபடி அழுத்தினார். விரலிலிருந்து கேட்வரை எழுதிய நான், விருந்தாளியின் விரலிலிருந்து மணிவரை எழுதவில்லை. மெயினை அணைத்ததும் மணியும் போய்விட்டது.

"பெல் அடிக்கல! பாத்தியா? பெல் அடிக்கல!" அந்துவான் தெருவே கேட்கும்படி கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மதாம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒன் தொண்டைக்கு பெல் எதுக்குடா? பீச் வரைக்கும் கேக்குது."

அந்துவான் வாயை மூடினார். கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். பிறகு, வெகு நேரமாகச் சுமந்த ஒன்றைக் கீழே இறக்கிவைப்பவரைப் போலக் கேட்டார்:

"அப்ப நீ வர மாட்ட."

"வருவேன். பேரப்பசங்களப் பாக்க ஒரு வாரம் வருவேன். அப்பறம் என் வீட்டுக்கு வந்துடுவேன்."

"போன் பண்ணுவியா, தெனமும்?"

"ஆபரேட்டர்கிட்ட கேக்கற கேள்வியாடா இது?"

அவர் சிரித்துவிட்டார். மதாம் பொத்தானை அழுத்தித் தம்பியை உள்ளே விட்டார்.